முப்பது சொச்சத்துல கர்ப்பப்பை ஆபரேஷன்: எடுத்துறதா, வச்சுட்டே சமாளிக்கறதா?

போன ரெண்டு மாசத்துல மட்டும் மூணு பேரு எங்கிட்ட இதே கேள்விய கேட்டுட்டாங்க. ஒருத்தி பல்லடத்துக்காரி, 31 வயசு, ரெண்டு குழந்தை, ரெண்டாவது பிரசவத்தோடவே குடும்பக்கட்டுப்பாடு பண்ணியாச்சு, வெள்ளைப்படுது, இடுப்பு வலின்னு போனவ. இன்னொருத்தங்க கோபி பக்கம், 38 வயசு, கர்ப்பப்பைல கட்டி, மாசாமாசம் உதிரம் கொட்டுது. மூணாவது ஆளு என்ற சித்தி பொண்ணு, 29, இன்னும் கல்யாணம் ஆகல, சாக்லேட் சிஸ்ட்டுன்னு ஸ்கேன்ல வந்திருக்கு. மூணு பேருக்கும் யாரோ ஒருத்தர், டாக்டரோ ஒறம்பரையோ, சொன்னது ஒரே வார்த்தைதான்: "பையை எடுத்துட்டா நிம்மதி".

மூணு பேருக்கும் நோவு வேற வேற, அப்பறம் மருந்து மட்டும் எப்படிங்க ஒன்னா இருக்கும்?

நான் டாக்டர் இல்ல. திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங் டேபிள்ல 11 வருஷம் நின்னவ. 34 வயசுல ஆரம்பிச்ச உதிரப்போக்கோட அஞ்சு வருஷம் மல்லுக்கட்டி, மாத்திரை, லூப்பு, கடைசில 39ல ஆபரேஷன்னு எல்லாத்தையும் பாத்துட்டேன். என்ற பெரியம்மா பொண்ணு, எங்க அக்கா, 33 வயசுல ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்க, அவங்களுக்கு நடந்தது வேற. ரெண்டு பேரும் பண்ணுனது "கர்ப்பப்பை ஆபரேஷன்"தான்னு ஊர்ல பேரு. ஆனா ரெண்டும் ஒன்னே இல்ல, அதை கீழ சொல்றேன், தயவு பண்ணி அந்தப் பகுதிய மட்டும் தாண்டிப் போயிராதீங்க.

எதை வச்சு அளக்கோணும்

நம்ம பக்கம் எல்லாரும் அளக்கறது ஒரே படிய வச்சு: "குழந்தை பெத்தாச்சுல்ல, இனி அது இருந்து என்ன பண்ணப் போகுது". 22ல கல்யாணம், 26க்குள்ள ரெண்டு குழந்தை, ஆபரேஷன்னு முடிச்சிடறோம், அதனால 30 வயசுலயே அந்தப் பை வேலை முடிஞ்ச சாமான் மாதிரி ஆயிருது எல்லார் கண்ணுக்கும். இந்தப் படி தப்புங்க. நான் அளக்கச் சொல்றது இதை வச்சு:

1. நோவுக்குப் பேரு என்ன. "பை வீங்கியிருக்கு", "பை கெட்டுப்போச்சு" இதெல்லாம் பேரு இல்ல. நார்க்கட்டியா (பையோட சதைல வளர்ற கட்டி), பாலிப்பா (பைக்குள்ள தொங்கற சின்ன சதை), அடினோமயோசிஸா (உள்சதை பையோட சுவருக்குள்ளயே வளர்றது), தைராய்டா, கேன்சருக்கு முந்தின மாத்தமான்னு ஒரு பேரு வேணும்.
2. பீரியட் தானா நிக்கறதுக்கு இன்னும் எத்தனை வருஷம் இருக்கு. நம்ம நாட்டுல சராசரியா 46, 47 வயசுல நின்னுருது. 44 வயசுக்காரங்க ரெண்டு வருஷம் மாத்திரைல ஓட்டிரலாம், 32 வயசுக்காரி 15 வருஷத்துக்குக் கணக்குப் போடோணும்.
3. சினைப்பை (ஓவரி, முட்டையும் ஹார்மோனும் உருவாகற இடம்) இருக்குமா, அதுவும் போகுமா.
4. குழந்தை. பெத்தாச்சாங்கறது மட்டுமில்ல, பின்னாடி வேணும்னு தோணுமாங்கறதும். மறுகல்யாணம் பண்ணுனவங்க, இருந்த குழந்தைய பறிகொடுத்தவங்க எல்லாம் நம்மூர்லயே இருக்காங்க.
5. எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாது, எத்தனை நாள் கனம் தூக்க முடியாது.
6. காசு. ஆஸ்பத்திரி பில்லு மட்டுமில்ல, பின்னாடி வருஷக்கணக்கா ஆகற செலவும் சேத்தி.

பேரு தெரியறதுக்கு என்னென்ன டெஸ்ட்

ரத்த அளவு, தைராய்டு, கர்ப்பம் இல்லைன்னு ஒரு டெஸ்ட், உள்வழி ஸ்கேன், பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாய்ல லேசா வழிச்சு எடுத்து கேன்சர் மாத்தம் இருக்கான்னு பாக்கறது). 45 தாண்டுனவங்களுக்கும், உடம்பு எடை எச்சா இருந்து பீரியட் தப்பித்தப்பி வர்றவங்களுக்கும் பையோட உள்சதைல கொஞ்சம் எடுத்து பயாப்ஸிக்கு அனுப்போணும். வயசுக்கு வந்ததுல இருந்தே உதிரம் கொட்டறவங்கன்னா ரத்தம் உறையறதுல கோளாறு இருக்கான்னும் பாக்கோணும், அது பையோட நோவே இல்ல.

இதுக்கெல்லாம் ஜிஎச்லயே வசதி இருக்கு. கேன்சர் சோதனை நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துலயே காசில்லாம பண்றாங்க.

இன்னொரு டெஸ்ட்டு நீங்களே பண்ணலாம். நான் பால் கணக்கு நோட்டோட கடைசிப் பக்கத்துல எழுதி வச்சேன்: எந்தத் தேதி ஆரம்பிச்சுது, எத்தனை நாளு, நாளைக்கு எத்தனை பேடு, ரத்தக்கட்டி எந்த அளவு (நெல்லிக்காய் அளவு, புளியங்கொட்டை அளவுன்னு), எந்த ராத்திரி எந்திரிச்சு பாய் கழுவுனேன். மூணு மாசம். கோயம்புத்தூர்ல என்னைப் பாத்த டாக்டரம்மா ஸ்கேன் ரிப்போர்ட்ட ஒரு நிமிஷம் பாத்தாங்க, இந்தப் பக்கத்த அஞ்சு நிமிஷம் பாத்தாங்க. அப்ப என்ற ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 6.8.

சரி, இதெல்லாம் காரணமே இல்லைன்னு சிலது இருக்கு, மொதல்ல அதைத் தள்ளிருவோம். வெள்ளைப்படுதல், இடுப்பு வலி, "வாய்ப்புண்ணு" (கர்ப்பப்பை வாய்ல புண்ணுன்னு சொல்றது), சினைப்பைல சின்ன நீர்க்கட்டி, தொந்தரவே பண்ணாத சின்ன நார்க்கட்டி. வெள்ளைப்படுதலுக்கு கிருமி என்னன்னு பாத்து மாத்திரை, தேவைப்பட்டா ஊட்டுக்காரருக்கும் சேத்தி. சின்ன நீர்க்கட்டி பெரும்பாலும் ரெண்டு மூணு மாசத்துல தானா கரையும், திரும்ப ஸ்கேன் எடுத்தா போதும். "விட்டா கேன்சர் ஆயிரும்"னு சொல்றதுக்கு பாப் ஸ்மியரோ பயாப்ஸியோ ரிப்போர்ட்டு இருக்கான்னு கேளுங்க, ரிப்போர்ட்டு இல்லாம அந்த வார்த்தைய சொன்னா அது பயமுறுத்தல். பல்லடத்துப் பொண்ணுக்கு இதுதான் நடந்துச்சு, பயாப்ஸியும் இல்ல ஒன்னும் இல்ல, ஆபரேஷன் தேதி மட்டும் குறிச்சுக் குடுத்துட்டாங்க.

வழி 1: மாத்திரை

உதிரம் போற நாள்ல மட்டும் போடற டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை கிட்டத்தட்ட பாதி உதிரத்தக் குறைக்கும். மெஃபனமிக் ஆசிட் அதைவிட கம்மியா குறைக்கும், ஆனா வலிக்கும் சேத்தி கேக்கும். கால்ல ரத்தக்கட்டு வந்தவங்க டிரானெக்ஸாமிக் தொடக்கூடாது. ஹார்மோன் மாத்திரைக வேற ரகம், பிபி இருக்கறவங்க, ஒத்தத்தலைவலிக்காரங்க டாக்டர்கிட்ட அதைச் சொல்லிட்டுத்தான் வாங்கோணும்.

நம்ம நாட்டுலயே, லக்னோ ஆராய்ச்சி நிலையத்துல, கண்டுபிடிச்ச ஓர்மிலாக்ஸிஃபின்னு ஒன்னு இருக்கு, கர்ப்பத்தடைக்கு 'சாயா'ன்னு அரசாங்கமே இலவசமா குடுக்கறது அதுதான். வாரத்துக்கு ரெண்டு, 12 வாரம், அப்பறம் வாரத்துக்கு ஒன்னுன்னு உதிரப்போக்குக்கும் டாக்டருக எழுதறாங்க.

இதோட இரும்புச்சத்து. இதை எல்லாரும் துணைச் சாமானா நெனைக்கறாங்க, எனக்கு ரத்தம் ஏத்துன பிறகுதான் தெரிஞ்சுது, பாதி அசதி பையால இல்ல, ரத்தம் இல்லாததால. இரும்பு மாத்திரை போட்டுட்டு உடனே டீ குடிக்காதீங்க, உடம்புல சேராது.

மறைஞ்சிருக்கற செலவு: மறதி. ஷிஃப்ட்டுல நைட்டு நிக்கறவங்களுக்கு வேளைக்கு மாத்திரைங்கறது சொல்ற மாதிரி லேசு இல்ல. அப்பறம் மருந்துக்கடைல பழைய சீட்டக் காட்டிக் காட்டி வருஷக்கணக்குல ஹார்மோன் மாத்திரை வாங்கிப் போடறது, அது தப்பு.

வழி 2: மருந்து வச்ச லூப்

பைக்குள்ள வைக்கற சின்ன சாதனம், மிரீனான்னு பேரு, நம்ம நாட்டுலயே செய்யற எமிலின்னும் ஒன்னு வருது. காப்பர்-டி வேற, இது வேற. காப்பர்-டி வச்சா உதிரம் எச்சாகும், இது ஹார்மோன மெல்லமா பைக்குள்ள விட்டு உதிரத்தக் குறைக்கும். வேலை செய்யறவங்களுக்கு 70ல இருந்து 90 சதவீதத்துக்கும் மேல குறையும், சில பேருக்கு பீரியடே நின்னுரும், வச்சா வருஷக்கணக்குல தாங்கும். குழந்தை வேணும்னா கழட்டிக்கலாம்.

ஃபின்லாந்துல உதிரப்போக்கு இருந்தவங்கள ரெண்டா பிரிச்சு ஒரு பாதிக்கு இந்த லூப்பும் மறு பாதிக்கு ஆபரேஷனும் பண்ணிப் பாத்தாங்க, முடிவு 2004ல வந்துச்சு. 5 வருஷத்துல லூப் வச்சவங்கள்ல 42 சதவீதம் பேரு கடைசில ஆபரேஷனுக்கே போயிட்டாங்க. அதாவது பாதிக்கு மேல தப்பிச்சாங்க. நான் ரெண்டு பக்கமும் பாக்கச் சொல்றேன், லூப்பு மந்திரமும் இல்ல, வீணும் இல்ல.

மறைஞ்சிருக்கற செலவுன்னா மொத 3-6 மாசம். சொட்டுச்சொட்டா பட்டுட்டே இருக்கும், எப்பன்னு சொல்ல முடியாது. நம்ம ஊர்ல இதுல ஒரு கஷ்டம் இருக்கு, டாக்டருக யாரும் சொல்ல மாட்டாங்க: மாரியம்மன் நோம்பி சாட்டி கம்பம் நட்டாச்சு, எனக்கு மூணு வாரமா பட்டுட்டே இருக்கு, எங்க அத்தை ஊட்டுக்குள்ள வரலாமா வேண்டாமான்னு பாக்கறாங்க, தண்ணி ஊத்த கோயிலுக்குப் போகல, ஊரே போகுது நான் மட்டும் திண்ணைல உக்காந்திருந்தேன். அதுலயே பாதி பேரு லூப்ப கழட்டிருவாங்கன்னு நெனைக்கறேன். நான் கழட்டல. நாலாவது மாசத்துல இருந்து ரெண்டு வருஷம் நிம்மதியா இருந்தேன். எனக்கு பை பெருசா இருந்ததால ஒரு நாள் தானா வெளிய வந்துருச்சு, அது வேற கதை.

பைக்குள்ள நீட்டிட்டு நிக்கற கட்டி இருந்தா இது சரிப்படாது.

வழி 3: கோளாற மட்டும் எடுக்கறது

பாலிப்புன்னா கேமரா விட்டு எடுத்துருவாங்க, பெரும்பாலும் அன்னைக்கே ஊடு வந்துறலாம். நார்க்கட்டின்னா கட்டிய மட்டும் எடுக்கற ஆபரேஷன் இருக்கு, குழந்தை வேணுங்கறவங்களுக்கு இதுதான் மொத வழி. ஆனா சின்ன வயசுல எடுத்தா மறுபடி கட்டி வளர்றதுக்கு இன்னும் நெறைய வருஷம் இருக்குல்ல, அதைக் கணக்குல வச்சுக்கோங்க, திரும்ப ஒரு ஆபரேஷன் வந்தாலும் வரும். கட்டிக்குப் போற ரத்தக்குழாய ஊசி வழியா அடைக்கறது ஒன்னு இருக்கு, கோயம்புத்தூர்ல பெரிய ஆஸ்பத்திரிகள்ல பண்றாங்க, வயித்தக் கிழிக்க வேண்டாம், ஆனா மொத நாள் வலி சாதாரணமா இருக்காது, இனி குழந்தை வேணுங்கறவங்களுக்கு பொதுவா சொல்றதில்ல.

பையோட உள்சதைய சூடு வச்சு கருக்கறதுன்னும் ஒன்னு இருக்கு. 40க்குள்ள இருக்கறவங்களுக்கு இது தோத்துப் போறது எச்சு, அதுக்கப்பறம் கர்ப்பம் தரிச்சா ஆபத்து. முப்பதுகள்ல இருக்கறவங்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

சித்தி பொண்ணு விஷயம் இங்க வருது. சாக்லேட் சிஸ்ட்டுங்கறது எண்டோமெட்ரியோசிஸ், பையோட உள்சதை மாதிரியான திசு பைக்கு வெளிய, சினைப்பைலயும் குடல் மேலயும் ஒட்டியிருக்கும். வெளிய இருக்கற நோவுக்கு பையை எடுத்தா எப்படிங்க தீரும்? அவளுக்கு மாத்திரை, முடியலைன்னா லேப்ராஸ்கோப்பில (சின்ன ஓட்டை வழியா கேமரா விட்டு) சிஸ்ட்ட மட்டும் எடுக்கறது, அதுக்கு முன்னாடி முட்டை இருப்பு எவ்வளவுன்னு ஒரு ரத்த டெஸ்ட். இவ்வளவுதான் இப்போதைக்கு.

வழி 4: பையை மட்டும் எடுக்கறது

உதிரம் நிக்கோணும்னா இதுதான் உறுதியான வழி, அதுல சந்தேகமில்ல. ரெண்டு மூணு வழி பாத்தும் ரத்த அளவு ஏறல, மறுபடி மறுபடி ரத்தம் ஏத்தறோம், குழந்தை ஆசை இல்லைன்னு தெளிவா தெரியுதுன்னா தயங்கத் தேவையில்ல. நான் பண்ணிக்கிட்டேன், எனக்கு வருத்தம் இல்ல. பையை எடுத்தா பொம்பளை பொம்பளையா இருக்கமாட்டா, ஊட்டுக்காரர்கிட்ட சேர முடியாதுன்னு பழமை பேசறாங்க பாருங்க, அது பொய். சினைப்பை இருந்தா ஹார்மோன் இருக்கும். ஆறேழு வாரம் காயம் ஆறோணும், அதுக்கப்பறம் நெறைய பேருக்கு வலியும் உதிரமும் இல்லாததால முன்னைவிட நல்லாவே இருக்கு.

இதுக்கும் வெலை உண்டு. மூத்திரப்பை, மூத்திரக்குழாய்ல காயம் படலாம், அபூர்வம்தான், ஆனா ரெண்டு சிசேரியன் ஆனவங்களுக்கு ஒட்டிக்கிட்டு இருக்கறதால கொஞ்சம் எச்சு. பின்னாடி மூத்திரம் அடக்க முடியாம போறது, அடி இறங்கறது (உள் உறுப்பு கீழ சரியறது) வரலாம். சினைப்பைய விட்டு வச்சாலும் அது ஒன்னு ரெண்டு வருஷம் முன்னாடியே ஓஞ்சு போக வாய்ப்பிருக்கு. பையோட வாய்ப்பகுதிய விட்டுட்டு எடுத்திருந்தா பாப் ஸ்மியர் தொடர்ந்து எடுக்கோணும்.

அப்பறம் ஆறு வாரம் கனம் தூக்கக்கூடாது. இதை நம்மூர்ல கடைப்பிடிக்கறது எவ்வளவு கஷ்டம்னு தோட்டத்துல இருக்கறவங்களுக்குத் தெரியும். தட்டு அறுக்கறது யாரு, சாணி வழிக்கறது யாரு, பால் கறக்கறது யாரு? லேப்ராஸ்கோப்பில பண்ணுனா சீக்கிரம் நடமாடலாம், வெளிய காயம் சின்னதா இருக்கறதால ஆறிப்போச்சுன்னு நெனைச்சு ரெண்டே வாரத்துல குடம் தூக்கறாங்க, உள்ள தையல் அப்படியேதான் இருக்கும். ஆபரேஷன் தேதிய அறுவடைக்கும் நோம்பிக்கும் தள்ளி, யாராவது ஒருத்தர் ஊட்டுல இருக்கற மாதிரி பாத்து வைங்க.

கம்பெனில இஎஸ்ஐ பிடிக்கறாங்கன்னா சந்தா நாள் சரியா இருந்தா வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் 70 சதவீத சம்பளம் கெடைக்கும். இஎஸ்ஐ இல்லாம பீஸ் ரேட்டுல தைக்கறவங்க அந்த ஆறு வாரக் கூலியையும் பில்லோட கூட்டிப் பாருங்க. வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருந்தா முதலமைச்சர் காப்பீடு இருக்கு, ஆனா அட்டைல காசில்லாம ஆகுதுங்கறது மட்டும் ஆபரேஷனுக்குக் காரணம் ஆகாது.

வழி 5: சினைப்பையும் சேத்தி எடுக்கறது

தாண்டிப் போகாதீங்கன்னு சொன்னது இதைத்தான். எங்க அக்காவோட டிஸ்சார்ஜ் சீட்டு ஒரு மஞ்சப்பைல மடிச்சு பீரோக்குள்ள அஞ்சு வருஷம் இருந்துச்சு. நான் எனக்காக இதெல்லாம் படிக்க ஆரம்பிச்சப்ப எடுத்துப் பாத்தேன். அதுல ஒரு வரி: "டிஏஎச் வித் பிஎஸ்ஓ". டிஏஎச்ன்னா வயித்தக் கிழிச்சு கர்ப்பப்பைய எடுத்தது, பிஎஸ்ஓன்னா ரெண்டு பக்க சினைக்குழாயும் சினைப்பையும் எடுத்தாச்சுன்னு அர்த்தம். அவங்களுக்கு அது தெரியவே தெரியாது. 33 வயசு, இருந்தது நார்க்கட்டி. "பையை எடுக்கறோம்"னு சொன்னாங்க, அக்கா ஒரு பைன்னு நெனைச்சுக் கையெழுத்துப் போட்டாங்க.

ஆபரேஷன் ஆகி ஒரே மாசத்துல மேலெல்லாம் தீப்பிடிச்ச மாதிரி, ராத்திரி தூக்கமில்ல, ஒன்னுமில்லாததுக்கு அழுகை. ஊர்ல "கோவக்காரி ஆயிட்டா"ன்னாங்க. 38 வயசுல மாட்டுச்சாளைல வழுக்கி கையூனி விழுந்தாங்க, மணிக்கட்டு ஒடஞ்சுது. அப்பறம் எடுத்த எலும்பு டெஸ்ட்டுல டாக்டர் கேட்டது, "உங்களுக்கு பீரியட் எப்ப நின்னுச்சு?"

45 வயசுக்குள்ள ரெண்டு சினைப்பையும் போனா மாதவிடாய் நிக்கறது ஒரே நாள்ல நடக்கும், எலும்பு சீக்கிரம் தேயும், இருதய நோய் வர்றது எச்சாகும். அதுக்கு ஹார்மோன் மாத்திரை, தடை எதுவும் இல்லாதவங்களுக்கு, 50 வயசு வரைக்கும் தொடரோணும். இதுதான் பில்லுல வராத செலவு. "சினைப்பைல கேன்சர் வராம இருக்க எடுத்துட்டோம்"பாங்க, சாதாரணமா சினைப்பை கேன்சர்ல சாகறவங்கள விட இருதய நோயில சாகற பொம்பளைங்க பல மடங்கு எச்சு. சினைக்குழாய மட்டும் எடுத்தா அந்த கேன்சர் ஆபத்து குறையும், ஹார்மோனும் போகாது, அதைக் கேட்டு வாங்கலாம்.

இது நெசமாவே வேணுங்கறவங்க இருக்காங்க: கேன்சர் உறுதியானவங்க, குடும்பத்துல மார்பகம், சினைப்பை கேன்சர் வந்து மரபணு டெஸ்ட்டுல தெரிஞ்சவங்க, எதுக்கும் அடங்காத எண்டோமெட்ரியோசிஸ் இருக்கறவங்க. அவங்க யோசிச்சுட்டு நாள் கடத்தக்கூடாது.

| | உதிரம் நிக்குமா | குழந்தை பெறலாமா | வேலைக்குப் போக | பின்னாடி வர்ற செலவு |
|---|---|---|---|---|
| மாத்திரை | குறையும் | நிறுத்துனா முடியும் | லீவ் வேண்டாம் | மாசாமாசம் மாத்திரை, மறதி |
| மருந்து லூப் | நெறைய பேருக்கு | கழட்டுனா முடியும் | மறு நாளே | மொத 3-6 மாசம் சொட்டு |
| கட்டி, பாலிப் மட்டும் | பெரும்பாலும் | முடியும் | ஒரு நாள்ல இருந்து 4-6 வாரம் | கட்டி திரும்ப வரலாம் |
| பை மட்டும் | நின்னுரும் | முடியாது | 4-8 வாரம் | கூலி, அடி இறங்கறது |
| சினைப்பையும் | நின்னுரும் | முடியாது | 4-8 வாரம் | எலும்பு, இருதயம், வருஷக்கணக்குல ஹார்மோன் |

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்

தேசிய குடும்பநல சர்வேல, 2019-21ல, 15ல இருந்து 49 வயசுக்குள்ள இருக்கற பொம்பளைங்கள்ல 3.3 சதவீதம் பேரு கர்ப்பப்பை எடுத்தவங்க. அதுல மூணுல ரெண்டு பங்கு தனியார் ஆஸ்பத்திரில. மகாராஷ்டிரா பீட் மாவட்டத்துல கரும்பு வெட்டப்போற பொம்பளைங்க கூட்டங்கூட்டமா எடுத்துக்கிட்டது 2019ல வெளிய வந்துச்சு, லீவ் போட்டா கூலி போகும்னு. தேவையில்லாம எடுக்கறாங்கன்னு 2013ல போட்ட பொதுநல வழக்குல உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரல்ல தீர்ப்பு சொல்லி, மத்திய அரசோட வழிகாட்டு நெறிகள எல்லா மாநிலமும் கடைப்பிடிக்கோணும்னு உத்தரவு போட்டுச்சு. கூலி போகும்னு பீரியடையே தொலைச்சுக் கட்டோணும்னு நெனைக்கறது எனக்குப் புரியாம இல்ல. செக்கிங் டேபிள்ல டார்க் கலர் சுடிதார் மட்டுமே போட்டுட்டு, பாத்ரூம் போக சூப்பர்வைசர்கிட்ட கேட்டு நின்ன மூணு வருஷம் எனக்கும் இருக்கு.

அந்த மூணு பேருக்கு நான் சொன்னது

பல்லடத்துப் பொண்ணுக்கு: தேதிய ரத்து பண்ணு, பாப் ஸ்மியர் எடு, திருப்பூர் மெடிக்கல் காலேஜ்ல இன்னொரு டாக்டர்கிட்ட காட்டு. கோபிக்காரங்களுக்கு: கட்டி எந்த இடத்துல இருக்குன்னு கேளுங்க, உள்ள நீட்டிட்டு இருந்தா அதை மட்டும் எடுக்கலாம், பல கட்டி இருந்து ரத்த அளவும் 7ல நின்னா பையை எடுக்கறதுல தப்பே இல்ல, பெருந்துறை மெடிக்கல் காலேஜ்லயும் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க, சினைப்பைய மட்டும் விடச் சொல்லுங்க. சித்தி பொண்ணுக்கு மேலயே சொல்லிட்டேன்.

கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி

டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது: நோவோட பேரு என்ன, எழுதிக் குடுங்க. இன்னும் ஆறு மாசம் பொறுத்தா என்ன ஆகும்? வேற எந்த வழி எனக்கு ஒத்து வராது, ஏன்? கீழ வழியாவா, லேப்ராஸ்கோப்பா, வயித்தக் கிழிச்சா? சினைப்பை? எடுத்த சதைய பயாப்ஸிக்கு அனுப்புவீங்களா?

நான் ஆபரேஷனுக்கு மொத நாள் சாயங்காலம் கன்சென்ட் ஃபாரத்த வாங்கி, நர்ஸ்கிட்ட பேனா கேட்டு, தமிழ்லயே எழுதினேன்: "ரெண்டு சினைப்பையும் நல்லா இருந்தால் எடுக்கக் கூடாது." டாக்டரம்மா படிச்சுப் பாத்துட்டு, கேன்சர் மாதிரி ஏதாவது தெரிஞ்சா என்ன பண்றதுன்னு கேட்டு, அதுக்கும் ஒரு வரி சேத்தி, பக்கத்துல அவங்களும் கையெழுத்துப் போட்டாங்க. திட்டல, முகஞ்சுளிக்கல.

டிஸ்சார்ஜ் ஆகி ஊடு வந்த அன்னைக்கு அக்காதான் தொணைக்கு வந்திருந்தாங்க. சீட்ட வாங்கி, விரல் வச்சு ஒவ்வொரு வரியா தேடுனாங்க. "ரெண்டு ஓவரியும் நார்மல், எடுக்கப்படவில்லை"ன்னு இருந்த எடத்துல விரல் நின்னுருச்சு. "இப்படி எழுதிக் குடுக்கலாம்னு எனக்கு யாருமே சொல்லலியே கண்ணு"ன்னாங்க.